டி, ஆர், ஓ, டபுள்யூ

நீ கொடுத்தனுப்பிய புத்தகத்தில் புகை வாசனை அடிக்கிறது. விறகடுப்புப் புகை. அதற்கடியில் லேசாகக் கற்பூரம். அட்டை கிழிந்து, முதல் சில பக்கங்களும் போய்விட்ட ஆங்கில அகராதி. நேற்று, சனிக்கிழமை காலை, உன் மகள் ஸ்டெல்லா அதை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அப்பா ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு மாமா."

எப்போது சொன்னார் என்று கேட்டேன். என்ன வார்த்தையில் சொன்னார் என்றும் கேட்டேன். தகப்பனைப் பறிகொடுத்து மூன்று மாதம்கூட ஆகாத பெண்ணிடம் இப்படியா விசாரிப்பது என்று என் மனைவி கண்ணாலேயே அதட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப சொன்னாரு. தாசில்தாரு மாமாகிட்ட குடுத்துடு, அவரே பாத்துக்குவாருன்னு."

என்ன பார்ப்பேன் என்பது எனக்குத் தெரியும். டி எழுத்துக்குப் போனேன். ட்ரோ இருந்தது. டி, ஆர், ஓ, டபுள்யூ. வினைச்சொல். நம்பு, எண்ணு என்று பொருள். பக்கத்தில் வழக்கொழிந்தது என்பதற்கான குறி. அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு.

முதலில் எனக்கு வந்தது வருத்தம் அல்ல. அந்தக் கோட்டை நீ எப்போது போட்டாய் என்ற கேள்விதான் வந்தது. நம் கடைசி ஆட்டத்துக்கு முன்பே போட்டதா, அல்லது வீட்டுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்துப் பிறகு போட்டதா? பூதக்கண்ணாடியை எடுத்தேன். மற்ற பக்கங்களிலும் பென்சில் கோடுகள் இருந்தன. இது மட்டும் கொஞ்சம் கறுப்பாகப் பட்டது. பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையில் ஒட்டிவைத்த தாளா என்றுகூடப் பார்த்தேன். நீ மண்ணுக்குள் போன பிறகும் நான் உன்னைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "கடேசி ரெண்டு வருஷம் அப்பாவால எறங்கி வர முடியலைன்னு ஒங்களுக்குக் கோவமா மாமா? முட்டி வலி. மலைப் பஸ்சுல குலுக்குனா உயிரே போவுதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. ஒங்களுக்கும் பிரஷரு, ஒங்களாலயும் மேல வர முடியாதுன்னு சொன்னாரு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நமக்குள் நடந்ததை நீ உன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உன்னைத் திருடன் என்று நான் சொன்னது உனக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்காவிட்டால் அது அப்படியே அடங்கிப்போகும். உன் மகளுக்கு நான் கடைசிவரை மரியாதைக்குரிய தாசில்தார் மாமாவாகவே இருந்துவிடலாம். சொல்வதா, விடுவதா? நேற்று அவளுக்கு எதிரே உட்கார்ந்து இந்த ஒரு கேள்வியைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன்.

நேரில் நாம் ஒருவரையொருவர் நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டோம். இங்கே நீ என்று எழுதுகிறேன். எழுத எழுதத்தான் எவ்வளவு நாளாக இப்படி அழைக்க ஆசைப்பட்டிருக்கிறேன் என்று தெரிகிறது.

நீ எனக்கு அந்தத் தாசில்தார் பட்டத்தைக் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? நான் தாலுகா ஆபீசில் வெறும் உதவியாளன். நீ வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தாய். தலைமையாசிரியரான உன் கையெழுத்து இரண்டு விண்ணப்பங்களில் வேறு மாதிரி இருந்தது. நான் அவற்றை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன்.

"இன்னா சார், ஜோசியம் பாக்கறீங்களா?"

"இந்த ரெண்டும் ஒரே கை மாதிரி தெரியலீங்களே."

"அது ரெண்டும் ஜீப்புல வரும்போது போட்டது சார். கொண்டை ஊசி வளைவுல போட்டா கையெழுத்தும் வளைஞ்சிதான் வரும்."

நான் சிரிக்கவில்லை. என் கண்முன்னால் புதிதாகப் போடச் சொன்னேன். போட்டாய். அதையும் மற்றவற்றோடு ஒப்பிட்டேன். "நெஜமான தாசில்தாரு உள்ள காத்தாடிக்குக் கீழ ஒக்காந்துக்கினு இருக்காரு. ஆனா ஒங்களப் பாத்தாதான் தாசில்தாரு மாதிரி பயமா இருக்குது" என்றாய். கைகூப்பாமல் ஆபீசுக்குள் நுழைந்தறியாத என்னைப் பார்த்து அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று மின்சாரம் போய்விட்டது. காத்திருந்த நேரத்தில் நீ ஒரு கிழிந்த உறையின் பின்பக்கம் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாய். என் தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினாய். அதில் செக்‌ஷன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அந்த ஏழு எழுத்தையும் கலைச்சிப் போட்டா நோட்டீசஸ்னு வருது பாருங்க. ஒண்ணுகூட மிச்சமில்ல. அதான் இந்த ரூமுக்கு வந்தவனுக்கெல்லாம் நோட்டீசு குடுக்கறீங்க."

நான் பேனாவை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக அடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரிபார்த்த பிறகுதான் சிரித்தேன். "சிரிக்கறதுக்குக்கூட ஆர்டர் வரணுமா ஒங்களுக்கு?" என்றாய்.

ஓய்வுபெற்ற பிறகு நம் சனிக்கிழமைகள் தொடங்கின. மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரன் நீ. வேலைக்காக மலையேறியவன், ஓய்வுக்குப் பிறகும் கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் குடிவரவில்லை. காலையில் முதல் பஸ் பிடித்து வருவாய். கையில் சாமை அரிசியோ, ஒரு பாட்டில் தேனோ, சீசனில் பாதிப் பலாவோ இருக்கும். மாலைக்குள் திரும்பிவிடுவாய். நான் ஒரு தடவைகூட மேலே வந்ததில்லை. வளைவுகளை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றும் என்றேன். நீ அதை நம்பினாய். ஒருநாளும் மறுபடி கேட்கவில்லை.

ஒரு பாதிரியார் வீட்டில் பார்த்ததாக அந்த எழுத்து விளையாட்டைப் பற்றி நீதான் சொன்னாய். ஒரு பை நிறைய எழுத்து வில்லைகள். பார்க்காமல் கைவிட்டு ஆளுக்கு ஏழு எடுக்க வேண்டும். எடுத்ததை வைத்துக் கட்டம் போட்ட பலகையில் சொற்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்க வேண்டும். எதிராளி சந்தேகப்பட்டால் அகராதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. பலகையை நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் செய்தேன். வில்லைகளை நீ மூங்கிலை வகிர்ந்து சதுரமாக நறுக்கி, சூடான கம்பியால் எழுத்துச் சுட்டுக் கொண்டுவந்தாய். நூறு வில்லை. எந்த எழுத்து எத்தனை என்பதை உன் ஞாபகத்திலிருந்து செய்திருந்தாய்.

ஞாபகத்தை நம்பி ஒரு விளையாட்டு ஆடுவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டால் தகராறே வராது என்றேன். எண்ணுவதற்கு என்னிடம் இருந்த ஆங்கிலம், ஆபீஸ் உத்தரவுகளின் பழைய நகல்கள்தான். நாலு நாள் உட்கார்ந்து எண்ணினேன். டபுள்யூ இரண்டு போதாது, ஏழு வேண்டும் என்று கணக்கு வந்தது. உனக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரமே ஐந்து டபுள்யூவைச் செய்து கொண்டுவந்து கொட்டினாய். பழைய மூங்கில் தீர்ந்துவிட்டது, கையில் கிடைத்த இளமூங்கிலை வெட்டினேன் என்றாய். என் நகல்களில் ஒன்றை வாங்கிப் படித்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஒவ்வொரு பத்தியும் வேர்ஆஸ் என்ற டபுள்யூ சொல்லில்தான் தொடங்கியிருந்தது. வேர்ஆஸ் மேற்படி நபர், வேர்ஆஸ் மேற்படி நிலம், வேர்ஆஸ் மேற்படி நோட்டீசு.

"ஐயோ தாசில்தாரே! இங்கிலீசுல டபுள்யூ ஜாஸ்தி இல்ல. ஒங்க ஆபீசுலதான் ஜாஸ்தி."

தவறு புரிந்தது. ஆனால் நான் கார்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதை எப்படித் திரும்பப் பெறுவது? ஐந்தும் பையிலேயே இருக்கட்டும் என்று நீயே சொன்னாய். "இருக்கட்டும். மத்தவன் யார் கிட்டயும் இல்லாத ஆட்டம் நம்மது" என்றாய். அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்திலும் நம் இருவரில் ஒருவர் கையில் மூன்று டபுள்யூ சேர்ந்து, ஒரு சொல்லும் அமையாமல் விழிப்பது வாடிக்கையாயிற்று. என் மனைவிகூடச் சமையலறையிலிருந்து கேட்பாள்: "இன்னிக்கி யார் கையில மாட்டிச்சி?"

இளமூங்கில் வற்றும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டாம் வருடம் ஒருநாள் பைக்குள் கைவிட்டபோது ஒரு வில்லை நடுவில் குழிந்து, மற்றவற்றைவிட மெலிதாக விரலில் பட்டது. எடுத்தேன். டபுள்யூ. நீ போன பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்துக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். ஐந்து புது வில்லைகளையும் ஒன்றுகூடத் தவறாமல் பிரித்தெடுக்க முடிந்தது.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "வேற அஞ்சு செஞ்சி கொண்டாங்க" என்று ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? எத்தனை நாளாகத் தெரியும் என்று நீ கேட்டுவிடுவாயோ என்ற பயம். அன்றுதான் தெரிந்தது என்று நான் சொன்னால் நீ நம்புவாயா? உன் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதனால் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லாமல் விட்டதை அடுத்த வாரம் சொல்வது இன்னும் கடினம். இப்படியே வருடங்கள் போயின.

ஆனால் நேர்மையாக ஆடுவதென்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். குழிந்த வில்லை விரலில் பட்டுவிட்டால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கக்கூடாது. பட்டதை எடுத்தே தீர வேண்டும். அந்த விதியை ஒருமுறைகூட நான் மீறவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெருமைக்குப் பின்னாலேயே சந்தேகமும் வந்தது. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமலா இருக்கும்? வில்லைகளைச் செய்தவன் நீ. உன் விரல்கள் மூங்கிலோடு பழகியவை. நீ பைக்குள் கைவிட்டால் சட்டென்று எடுக்க மாட்டாய். கூரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கிணற்றில் வாளியைத் தேடுவதுபோலத் துழாவுவாய். முன்பெல்லாம் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நான் உன் முழங்கையைப் பார்க்கத் தொடங்கினேன். தசை எப்போது நிற்கிறது, எப்போது மறுபடி அசைகிறது என்று பார்த்தேன். நீ என் மனைவியிடம் காபி நன்றாயிருக்கிறது என்று சொன்னால், பேச்சைத் திருப்புகிறானோ என்று நினைத்தேன்.

கடைசி ஆறு மாதம் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். தேதி, குழிந்த டபுள்யூ உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை. ஏறக்குறைய எல்லாம் எனக்கே வந்தன. உனக்கு அபூர்வமாக ஒன்று. நான் ஒதுக்குவதில்லை, அது உறுதி. அப்படியானால் ஒதுக்குவது நீதான். எனக்கு அது முடிந்துபோன கணக்காகத் தெரிந்தது.

கடைசி ஆட்டத்தில் நீ முன்னால் இருந்தாய். பலகையில் டி, ஆர், ஓ, டபுள்யூ என்று நான்கு வில்லைகளை வரிசையாக வைத்தாய். அந்த டபுள்யூ குழியில்லாத பழைய வில்லை. அதையும் கவனித்தேன்.

"இப்படி ஒரு வார்த்தையே இல்லீங்க."

"இருக்குது தாசில்தாரே. ட்ரோ. நம்பறதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரனே மறந்துட்டான், அவ்ளோதான்."

என் சின்ன அகராதியைப் புரட்டினேன். இல்லை. இன்னொரு முறை புரட்டினேன்.

"வூட்ல பெரிய புக்கு ஒண்ணு கெடக்குது. அதுல இருக்குது. அடுத்த வாரம் எடுத்தாறேன்."

"அடுத்த வாரம் வர்ற புத்தகத்துக்கு இன்னிக்கி மார்க்கு போட முடியாதுங்களே."

"சரி வுடுங்க. போடாதீங்க. இதுக்கா மூஞ்சி இப்படிப் போவுது?"

நீ அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததுதான் என்னைக் கிளறியது. குற்றமில்லாதவன் கொஞ்சமாவது வாதாட மாட்டானா? வாழ்க்கையில் யாரையும் நேருக்கு நேர் குற்றம் சொல்லிப் பழகாதவன் நான். பழகாததால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியவில்லை.

"ஆறு மாசமா எழுதி வச்சிருக்கேன். டபுள்யூ ஒங்க கைக்கு வர்றதே இல்ல. தடவிப் பாத்துதான் எடுக்கறீங்க. இது ஆட்டமில்லீங்க. திருட்டு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எழுதி வச்சிருக்கீங்களா?" என்றாய்.

"தேதி வாரியா."

"வாரா வாரம் எதிர்ல ஒக்காந்து சிரிச்சிக்கினே எழுதினீங்களா?"

நோட்டைக் காட்டச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். காட்டத் தயாராக இருந்தேன். நீ கேட்கவில்லை. உன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். பஸ்சுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் பஸ் ஸ்டாண்டில் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

உன் நான்கு எழுத்துகளும் பலகையிலேயே இருந்தன. அவற்றைக் கலைக்க எனக்குக் கைவரவில்லை. பல நாள் அதன் முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். எஸ் சேர்த்தால் வர்ஸ்ட், மிக மோசம். எச் சேர்த்தால் வர்த், மதிப்பு. அதே ஐந்தை மாற்றி அடுக்கினால் த்ரோ, வீசியெறி. ஈ சேர்த்தால் ரோட், எழுதினான். டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரௌ, சண்டை. உன்னைப்போல் வேடிக்கையாக எதுவும் எனக்கு வரவில்லை. ஒரு பெரிய அகராதியைத் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றும். கள்ளக்குறிச்சியில் நூலகம் இருக்கிறது, நடந்தே போய்விடலாம். இரண்டு வருடத்தில் நான் போகவில்லை. அந்தச் சொல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

நீ அடுத்த வாரம் வரவில்லை. அதையும் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். நியாயம் உன் பக்கம் இருந்தால் புத்தகத்தோடு வந்திருப்பாயே என்றேன் மனைவியிடம். "நீங்க போய்ப் பாக்கறது?" என்றாள். வளைவுகள், தலைசுற்றல் என்றேன். உன் அடக்கத்துக்குப் போகாததற்கும் அதையேதான் சொன்னேன். பழைய ஆபீஸ்காரர் ஒருவர் போனில் சேதி சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டு, திரும்பிவிட்டேன். உன் வீட்டார் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பெட்டியின் பக்கத்தில் நிற்கும்போது என்னைப் பார்ப்பார்கள் என்ற பயம்தான், மலைப்பாதை அல்ல.

நேற்று ஸ்டெல்லாவுக்குத் திரும்பும் பஸ் மதியம்தான். என் மனைவி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி உலை வைத்துவிட்டாள். நானும் உன் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறவள். சும்மா உட்காரத் தெரியவில்லை அவளுக்கு. அலமாரியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"இதானா மாமா அந்த ஆட்டம்? அப்பா சொல்லுவாரு. ஆடத் தெரியாது எனக்கு. எப்படி எடுக்கறது?"

பார்க்காமல் ஏழு எடு என்றேன். சட்டென்று அள்ளி மேசையில் போட்டாள். ஒரு டபுள்யூ இருந்தது, குழிந்தது. அவளுக்குக் காட்டுவதற்காக நானும் ஏழு எடுத்தேன். எப்போதும்போல், விரலில் பட்டதை விடாமல் எடுத்தேன். என் ஏழில் நான்கு டபுள்யூ.

"இன்னா மாமா இது, ஒங்களுக்கு மட்டும் ஒரே எழுத்தா வருது?"

விளையாட்டுப்போல மறுபடி எல்லாவற்றையும் பையில் போட்டுக் குலுக்கினாள். அவள் எடுத்தாள், ஒன்றுமில்லை. நான் எடுத்தேன், மூன்று. அவள் சிரித்தாள். "அதுங்களுக்கு ஒங்க மேல பாசம்போல."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு வில்லை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் இருபது, முப்பது வில்லைகள் விரலில் படும். அவற்றில் என் விரலுக்குப் பேர் தெரிந்தவை ஐந்துதான். பட்டும் விட்டுவிடக்கூடாது என்று நான் அந்த ஐந்தைத்தான் ஒவ்வொரு தடவையும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். பையில் இருந்ததே ஐந்து. அவற்றை நானே எடுத்துக்கொண்டால் உன் கைக்கு எங்கிருந்து வரும்? ஆறு மாதம் தேதி வாரியாக நான் எழுதியது என் விரல்களின் வேலையை. எண்களில் பிழையில்லை. யாரைப் பற்றிய எண்கள் என்பதில்தான் பிழை. சின்ன வகுப்புக் கழித்தல் கணக்கு. நாற்பது வருடம் அடுத்தவர் காகிதத்தில் பிழை தேடியவனுக்கு அது கண்ணில் படவில்லை.

உடனே இன்னொரு எண்ணமும் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். இதனால் நீ தடவிப் பார்க்கவில்லை என்று ஆகிவிடாது. உனக்கும் தெரிந்தே இருந்திருக்கலாம். என் புத்தி அப்படி. அதற்கு மருந்தில்லை.

ஆனால் சொல்லிவிட வேண்டும் என்பது அப்போது முடிவாயிற்று. மனைவி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"ஸ்டெல்லா, ஒங்க அப்பாவுக்கு முட்டி வலி இல்லம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழிந்த வில்லை, நோட்டு, திருட்டு என்று நான் சொன்ன வார்த்தை. இப்போது தெரிந்த பிழை. பஸ் ஸ்டாண்டுவரை வந்து திரும்பியது. வரிசை தவறாமல் சொன்னேன். அது ஒன்றுதான் எனக்கு வரும். அழவில்லை. அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவருமே என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் மேசைமேல் கிடந்த குழிந்த வில்லை ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"நானும் நெனச்சேன் மாமா" என்றாள். "நர்சு வேலை பாக்கறவ நானு. முட்டிய அமுக்கிப் பாத்தேன். வலிக்குதுன்னு சொன்னாரு, மூஞ்சியில ஒண்ணும் தெரியல. அதுக்கப்புறம் நான் கேக்கல. ஆனா சனிக்கெழம ஆனா காலையில குளிச்சி, அயர்ன் பண்ணின சட்டைய போட்டுக்கினு வாசல்ல வந்து ஒக்காந்துடுவாரு. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போட்டா பரவாயில்ல. சனிக்கெழம எதுக்குப்பா சட்டைன்னு கேப்பேன். சும்மாதான்னு சொல்லுவாரு. காலைல பஸ்சு போவும், பாத்துக்கினு இருப்பாரு. மத்தியானம் கீழேருந்து பஸ்சு வந்து நிக்கும், அதையும் பாப்பாரு. அப்புறமா சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிடுவாரு. ரெண்டு வருஷம் மாமா."

மேசைமேல் கிடந்த வில்லைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டேன்.

"நீங்க இத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"இருந்திருக்கலாம்மா."

"சொன்னது ஒங்களுக்கு நல்லா இருக்குதா?"

"தெரியல."

அவள் சாப்பிட்டாள். என் மனைவி பரிமாறியதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள். அது எனக்காக அல்ல என்பதைக் கவனித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த மாசம் கல்லறை கட்டறோம். தேதி சொல்லி அனுப்பறேன். வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்."

வருகிறேன் என்று சொன்னேன். அவள் அதற்குத் தலையாட்டவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. என் சொல்லை எதற்காக நம்ப வேண்டும்? நானே நம்பவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பிய கால்கள்தானே இவை? ஆனாலும் கச்சிராயபாளையம் தாண்டி எத்தனை வளைவு என்று இன்று காலை பால்காரரிடம் கேட்டேன். எண்ணினதில்ல சார், கண்ண மூடிக்கினு ஒக்காந்துடுங்க என்றார்.

நேற்றிலிருந்து அந்தச் சட்டையை விட்டு என் மனம் நகரவில்லை. அது என்ன நிறம் என்று கேட்க மறந்துவிட்டேன். நீ கீழே வருவதற்காகக் கிளம்பி, என் முகத்தை நினைத்துக் கசந்துபோய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாயா? அப்படியானால் அது உன் கோபம். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. அல்லது, மதிய பஸ்சில் நான் வந்து இறங்குவேன், இறங்கும்போது வெற்றுடம்போடு நிற்கக்கூடாது என்று போட்டாயா? இதைக் கேட்டறிய யாருமில்லை. ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. அகராதியில் இருக்காது. எதை எடுத்துக்கொள்வது என்று நானேதான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். நூறு சனிக்கிழமை நீ எனக்காகத்தான் சட்டை போட்டாய்.